காடு (1952): ஒரு கம்பளி யானையும் ஒரு போலி போஸ்டரும்

போன வருஷம் இணைய ஏலத்தில் ஒரு போஸ்டர் வாங்கினேன். 'தி ஜங்கிள்', 1952, அசல் என்று போட்டிருந்தார்கள். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. வீட்டில் கேட்டபோது "ஆராய்ச்சிக்கு" என்று சொல்லிவிட்டேன். பார்சல் வந்தது. ட்யூபில் சுருட்டி, மொடமொடவென்று புத்தம் புதுசாக இருந்தது. விரித்துப் பார்த்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, அது போலி.

பணம் போனது ஒரு பக்கம். அது எப்படிப் போலி என்று தெரிந்துகொள்ளப் போனதில்தான், அந்தப் படத்தைப் பற்றியும், அதன் பாதி வரலாறு மட்டும் ஏன் நமக்கு மிஞ்சியது என்பது பற்றியும் நிறையப் படித்தேன். அதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. பழைய சினிமா காகிதம் வாங்குகிறவர்களுக்கும், வீட்டுப் பரணில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் உதவலாம்.

என்ன படம் இது?

1952 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான 73 நிமிடப் படம். டைரக்‌ஷன் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் மூவரும் முக்கிய நடிகர்கள். அமெரிக்காவில் வெளியிட்டது லிப்பர்ட் பிக்சர்ஸ். இந்தப் பக்கம் கூட்டாளி யார் தெரியுமா? நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம். தமிழில் 'காடு' என்ற பெயரில் வந்தது.

கதை இதுதான். இந்தியக் காட்டில் யானைகள் திடீர் திடீரென்று மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன. ஏன் என்று பார்க்க ஒரு இளவரசி, ஒரு அமெரிக்க வேட்டைக்காரன், அவன்மேல் நம்பிக்கை இல்லாத ஓர் இந்தியப் பிரமுகர் ஆகியோர் காட்டுக்குள் போகிறார்கள். இந்தியப் பிரமுகராக வருபவர் சீசர் ரொமேரோ, இளவரசியாக வருபவர் மேரி விண்ட்சர். பெயர்கள் ராமா சிங், சீதா! கடைசியில் காரணம் தெரிகிறது: மாமூத். பனிக்காலத்தில் வாழ்ந்த, உடம்பெல்லாம் கம்பளி மயிர் அடர்ந்த யானை. நிஜ யானைகளுக்கே மயிர்ப் போர்வை மாட்டி நடக்கவிட்டிருக்கிறார்கள்.

சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு விஷயம். கம்பளி மாமூத் வடக்கே குளிர்ப் பிரதேசங்களில் வாழ்ந்தது. கடைசிக் கூட்டம் ஆர்க்டிக் கடலில் இருக்கும் ரேங்கல் தீவில் சுமார் 4000 வருஷம் முன்னால்வரை இருந்தது. தென்னிந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் மாமூத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நம் ஆசிய யானைதான், ஆப்பிரிக்க யானை அல்ல. ஆக, வேஷம் போட ஆள் எடுத்ததில் மட்டும் தப்பில்லை.

யார் யார் சேர்ந்தார்கள்?

பெயர்ப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால்தான் படம் புரியும்.

லிப்பர்ட் அடிப்படையில் தியேட்டர் முதலாளி. தன் தியேட்டர்களுக்குப் படம் போதவில்லை என்று தானே மலிவாகப் படம் எடுக்க ஆரம்பித்தவர். 1951இல் அவர் கம்பெனி 'லாஸ்ட் காண்டினென்ட்' எடுத்தது. அதிலும் ரொமேரோதான் நாயகன், அங்கே டைனோசர். அதன் கதையில் பங்கு கொண்ட காரல் யங்தான் 'தி ஜங்கிள்' எழுதியவர்களில் ஒருவர். காரல் யங் அதற்கு முன் டார்ஜான் படங்கள் பலவற்றுக்கு எழுதியவர். 1948இல் டார்ஜான் புகழ் ஜானி வெய்ஸ்முல்லர் நடித்து 'ஜங்கிள் ஜிம்' என்று ஒரு படம் வந்தது. எழுதியது காரல் யங், டைரக்‌ஷன் இதே வில்லியம் பெர்க். கேமராமேன் கிளைட் டி வின்னா, 1928ஆம் வருஷத்துப் படம் ஒன்றுக்கு ஆஸ்கார் வாங்கியவர், 1931இல் ஆப்பிரிக்காவுக்கே போய் 'ட்ரேடர் ஹார்ன்' எடுத்தவர்.

அதாவது ஹாலிவுட்டில் "காட்டுப்படம்" என்று ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் நாலு தொட்டிச் செடி, பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டிய சிங்கம், முடிந்தது. அந்தத் தொழிற்சாலையின் ஆட்கள்தான் கிளம்பி இந்தியாவுக்கே வந்து நிஜ யானை, நிஜக் காட்டோடு இந்தப் படத்தை எடுத்தார்கள்.

நம் பக்கம்? மாடர்ன் தியேட்டர்ஸ் அப்போது உச்சத்தில் இருந்தது. 1937இல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து, 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்', 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தமபுத்திரன்', 1950இல் 'மந்திரிகுமாரி' என்று வரிசையாக எடுத்த கம்பெனி. சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸில் படித்தவர், வெள்ளைக்காரர்களோடு தொழில் பேசுவது அவருக்குப் புதுசில்லை. 'மந்திரிகுமாரி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யை 1936லேயே எடுத்தவர். பதினைந்து வருஷம் இங்கே இருந்தும் தமிழ் பேச வராதவர். 'தி ஜங்கிள்' தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஹாலிவுட்டுக்கும் சேலத்துக்கும் நடுவில் பாலம் மாதிரி ஒரு ஆள்.

நடிகர்களில் எம்.என். நம்பியார் இருக்கிறார். ஊமைப்பட காலத்து நட்சத்திரம் சுலோசனா (ரூபி மயர்ஸ்) இருக்கிறார். பம்பாய் நடிகர் டேவிட் இருக்கிறார். இசைப் பட்டியலில் ஜி. ராமநாதன் பெயரும் தட்சிணாமூர்த்தி பெயரும். 'மந்திரிகுமாரி'க்கு இசையமைத்த அதே ராமநாதன் பெயர், மாமூத் படத்தின் டைட்டிலில். நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

இப்போ என் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு பேர் நம் ஊர் ஆட்கள் சேர்ந்த படம், ஆனால் இணையத்தில் தேடினால் கிடைக்கிற காகிதம் எல்லாம் ஏன் அமெரிக்கக் காகிதமாகவே இருக்கிறது?

அங்கே காகிதம் எப்படிப் பிழைத்தது

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் படத்தின் போஸ்டரைத் தியேட்டருக்குக் கொடுத்தது பெரும்பாலும் படக்கம்பெனி அல்ல. நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற ஒரே நிறுவனம் 1940 வாக்கில் அநேகமாக எல்லாக் கம்பெனிகளின் போஸ்டர் வேலையையும் எடுத்துக்கொண்டது. பல ஊர்களில் கிடங்கு வைத்திருந்தது. தியேட்டர்காரர் போஸ்டரை விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு எடுப்பார். படம் ஓடி முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். போஸ்டரின் அடிப்பக்கத்திலேயே பொடி எழுத்தில் அது அச்சாகியிருக்கும்.

திரும்பி வந்ததைப் பிரித்து வைக்க ஒரு எண் வேண்டும் இல்லையா? அடி ஓரத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு சாய்கோடு, வரிசை எண். 1952 படம் என்றால் 52 என்று ஆரம்பிக்கும். அதே படம் மறுவெளியீடு ஆனால் முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து சேரும். எங்கள் தொழிலில் வெர்ஷன் நம்பர் போடுவது மாதிரிதான்.

அளவுகளும் நிர்ணயம். வாசலில் மாட்டும் பெரிய போஸ்டர், "ஒன் ஷீட்" என்பார்கள், 27க்கு 41 அங்குலம். அதைப்போல மூன்று மடங்கு பரப்பளவுள்ள "த்ரீ ஷீட்", ஆறு மடங்கில் "சிக்ஸ் ஷீட்" உண்டு. கொஞ்சம் தடிமனான அட்டையில் 22க்கு 28 அங்குல "ஹாஃப் ஷீட்", 14க்கு 36 அங்குல ஒடுக்கமான "இன்சர்ட்". கடைகளின் கண்ணாடியில் வைக்க 14க்கு 22இல் "விண்டோ கார்டு", அதன் மேல் பகுதி வெறுமையாக இருக்கும், தியேட்டர் பெயரும் தேதியும் உள்ளூரில் அடித்துக்கொள்ளலாம். உள்ளே வரவேற்பறையில் மாட்ட 11க்கு 14 அங்குலத்தில் "லாபி கார்டு", பொதுவாக எட்டு சேர்ந்தது ஒரு செட். முதல் அட்டையில் படத்தின் பெயர் பெரிதாக இருக்கும், மற்ற ஏழிலும் காட்சிகள். இவை தவிர 8க்கு 10 ஸ்டில் போட்டோக்கள், தியேட்டர்காரருக்கு எப்படி விளம்பரம் செய்வது என்று சொல்லித்தரும் "ப்ரெஸ்புக்".

'தி ஜங்கிள்' பழுப்பு நிறத்தில் வந்த படம். இந்த மாதிரிப் படங்களுக்குக்கூட போஸ்டரும் லாபி கார்டும் கலரில்தான் அடிப்பார்கள். காகிதத்தில் தெரிகிற பச்சைக் காடும் சிவப்புச் சேலையும் திரையில் கிடையாது. படம் வேறு, படத்தின் காகிதம் வேறு என்று முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிடங்கில் அடுக்கி வைத்த இந்தக் காகிதம்தான் பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் கைக்கு வந்தது. யாரும் வரலாற்றைக் காப்பாற்ற நினைத்து வைக்கவில்லை. வாடகைத் தொழிலுக்காக வைத்தார்கள், அது வரலாறாகிவிட்டது.

என் போஸ்டர் எப்படி மாட்டியது

இப்போது அந்த ஒன்பதாயிரம் ரூபாய்ப் பாடம். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. இஞ்ச் டேப் வைத்தேன். 24க்கு 36. இன்றைய போட்டோ பிரேம் அளவு. 27க்கு 41 இல்லாத ஒன் ஷீட்டை அப்போதே மடித்து வைத்துவிடலாம். ஏலப் பக்கத்தில் அளவே போடவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது மடிப்பு. 1980களின் தொடக்கம்வரை ஒன் ஷீட் போஸ்டர்களை மடித்துத்தான் அனுப்புவார்கள். நெடுக்காக ஒன்று, குறுக்காக மூன்று, ஆக எட்டுக் கட்டம். என் போஸ்டரிலும் மடிப்புக் கோடுகள் இருந்தன. விரலால் தடவினேன், வழுவழு. யாரோ ஒரு அசல் போஸ்டரைப் படம் எடுத்து, அதன் மடிப்பையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அசல் மடிப்பில் மை வெடித்திருக்கும், பின்பக்கம் முகடு தட்டுப்படும், நாலு மடிப்பு கூடும் இடத்தில் சின்ன ஓட்டைகூட இருக்கும்.

மூன்றாவது, லென்ஸ். நகைக்கடைக்காரர் வைத்திருப்பாரே, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், அது போதும். அச்சில் படங்கள் புள்ளிகளால் ஆனவை. ஆனால் அசல் போஸ்டரில் அடியில் இருக்கும் பொடி எழுத்துகள் பெரும்பாலும் புள்ளிகளாக இருக்காது, ஓரம் கூராக, முழு மையாக இருக்கும். ஏன் என்றால் எழுத்தைத் தனியாகக் கோடாக அச்சிட்டிருப்பார்கள். போலியில் முழுப் போஸ்டரையும் ஒரே படமாகத்தானே எடுக்கிறார்கள், அதனால் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். இன்க்ஜெட் என்றால் மை தெளித்த மாதிரி சிதறியிருக்கும். என்னுடையதில் அடிவரியை லென்ஸில் பார்த்தால் எறும்புக் கூட்டம் மாதிரி இருந்தது.

நான்காவது, காகிதம். பழைய ஒன் ஷீட் காகிதம் மரக்கூழில் செய்த சாதாரணக் காகிதம், ஓரத்தில் பழுப்பேறும். போலி பளபளப்பாக, கனமாக இருக்கும். புற ஊதா டார்ச் அடித்தால் இன்றைய காகிதம் நீலவெள்ளையாக ஒளிரும், வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் காரணம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது, அந்த ரசாயனம் 50களிலேயே காகிதத்துக்குள் வர ஆரம்பித்துவிட்டது. மற்ற சோதனைகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று, போலி இல்லை, ஆனால் கவனிக்க வேண்டியது. துணியில் ஒட்டிய போஸ்டர். கிழிந்ததைச் சரிசெய்து பின்னால் துணி கொடுத்து ஒட்டுவார்கள், மடிப்பெல்லாம் மறைந்துவிடும், புதுசு போலத் தெரியும். இது ஏமாற்று அல்ல, முறையான பராமரிப்பு. ஆனால் எங்கெல்லாம் வண்ணம் தொட்டுப் பூசியிருக்கிறார்கள் என்று விற்பவர் சொல்ல வேண்டும். கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது போதும்.

இங்கே காகிதம் எப்படி அழிந்தது

தமிழ்நாட்டில் போஸ்டர் என்றால் பசை. வாடகையும் கிடையாது, திருப்பித் தருவதும் கிடையாது. மைதா காய்ச்சி, வாளியில் எடுத்துப் போய், சுவரில் ஒட்டுவது. அடுத்த வெள்ளிக்கிழமை அதன் மேலேயே அடுத்த படம். மழை, வெயில், ஆடு. ஆடு போஸ்டர் தின்பதைப் பார்க்காதவர்கள் நம் தலைமுறையில் யாரும் இருக்க முடியாது.

பிட் நோட்டீஸ் இன்னும் மோசம். மெல்லிசான கலர்த்தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வீசிப் போவார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிப் பொறுக்குவார்கள். மறுநாள் அது கப்பல், இல்லை பொட்டலம்.

கொஞ்சம் பிழைத்தது பாட்டுப் புத்தகம் மட்டும்தான். தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்றது. அட்டையில் படத்தின் பெயர், உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள். கதையை முக்கால்வாசி சொல்லிவிட்டு மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லும். பாட்டுக்காக ஜனங்கள் வீட்டில் எடுத்து வைத்தார்கள். தமிழ் சினிமா வரலாற்றை எழுதியவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் பெரிய ஆதாரம். படச்சுருளே இல்லாத எத்தனையோ படங்களுக்கு யார் நடித்தார், யார் எழுதினார், எத்தனை பாட்டு என்று சொல்ல இது ஒன்றுதான் சாட்சி. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்க ஸ்டில்லும் தகவலுமாகச் சேர்த்து வைக்கவில்லை என்றால் பல படங்களின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் துண்டுக் காகிதங்களும்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

எங்கள் தொழிலில் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. சிஸ்டம் என்ன செய்தது என்று வரிவரியாக எழுதி வைக்கும். சில சிஸ்டங்களில் லாகை ராத்திரி தானாக அழிக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். காலையில் பிரச்சினை என்று போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. தமிழ் சினிமாவின் காகிதம் அப்படி, அழிவதற்கென்றே வடிவமைத்தது. அமெரிக்கக் காகிதம் கிடங்குக்குத் திரும்புவதற்கென்று வடிவமைத்தது. இரண்டு நாடு சேர்ந்து எடுத்த ஒரு படத்துக்கு ஒரு பக்கத்து லாக் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்துக் கதைதான் முழுக்கதை என்று ஆகிவிடும். 'தி ஜங்கிள்' இன்று சேகரிப்பாளர் உலகில் "லிப்பர்ட்டின் மாமூத் படம்". சேலம் ஒரு அடிக்குறிப்பு. மாடர்ன் தியேட்டர்ஸிலும் இன்று ஏற்காடு ரோட்டில் நுழைவு வளைவு மட்டும்தான் நிற்கிறது.

தமிழ்க் காகிதத்துக்கு என்ன சோதனை?

விலை ஏறினால் போலியும் வரும். பழைய பாட்டுப் புத்தகங்களை ஜெராக்ஸ் எடுத்தும், ஸ்கேன் செய்து அச்சடித்தும் விற்கிறார்கள். 1952 காலத்துத் தமிழ்க் காகிதத்தைச் சோதிக்க நமக்கென்று சில வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது.

ஒன்று, எழுத்து. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். ணா, றா, னா எழுத்துகளுக்குத் துணைக்கால் தனியாக வராது, எழுத்தோடு சேர்ந்தே வளையும். 1952 நோட்டீஸ் ஒன்றில் "யானை" என்ற சொல்லைத் தேடுங்கள். அந்த னைக்குத் தும்பிக்கை இருக்க வேண்டும். தும்பிக்கை இல்லாத யானை என்றால் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்தது!

இரண்டு, விலை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 1952 பாட்டுப் புத்தகத்தில் விலை அணாவில் இருக்க வேண்டும்.

மூன்று, முகவரி. பின்கோடு வந்தது 1972இல். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாக ஆனது 1969இல். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1952 அச்சு அல்ல.

நான்கு, அழுத்தம். அப்போது ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்தார்கள். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எழுத்து அழுந்திய தடம் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். ஆங்காங்கே ஓர் எழுத்து தலைகீழாகவோ கொஞ்சம் தூக்கலாகவோ இருக்கும். ஜெராக்ஸில் எழுத்து இருக்கும், பள்ளம் இருக்காது.

ஐந்து, பின் அடித்த இடம். பழைய கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை இறங்கியிருக்கும். கறை மட்டும் அச்சில் இருந்து பின் பளபளவென்று இருந்தால், என் மடிப்புக் கோடு கதைதான்.

பரண்

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் தாய்மாமா சேலத்தில் இருந்தவர். பயங்கர சினிமாப் பைத்தியம். 2009இல் அவர் காலமான பிறகு வீட்டை விற்க வேண்டி வந்தது. பரணைக் காலி பண்ணப் போனது நான்தான். "எல்லாத்தையும் பாத்துப் பண்ணுப்பா"ன்னு அத்தை சொன்னாங்க. பித்தளைப் பாத்திரம், ரேடியோ எல்லாம் தனியாக எடுத்து வைத்தேன். கீழே ஒரு தகரப் பெட்டி. திறந்தால் பூச்சி அரித்த காகிதம். மேலாக இரண்டு பாட்டுப் புத்தகம் இன்னும் கண்ணில் நிற்கிறது, 'மந்திரிகுமாரி', 'சர்வாதிகாரி'. இரண்டுமே மாடர்ன் தியேட்டர்ஸ். 1950, 1951. அதற்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. தூசி தும்மல் வந்தது. சென்னைக்கு பஸ் பிடிக்க வேண்டும். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு, செய்தித்தாளோடு சேர்த்துத் தராசில் வைத்தேன். என்ன கொடுத்தார் என்பதுகூட ஞாபகம் இல்லை.

மாமா வரிசையாகச் சேர்த்திருந்தார் என்றால், 1951க்கு அடுத்தது 1952. அந்த அடுக்கில் 'காடு' சம்பந்தமாக ஒரு நோட்டீஸாவது இருந்திருக்கும் என்று மனசு சொல்கிறது. இல்லாமலும் இருந்திருக்கலாம். இரண்டு நிமிஷம் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். புரட்டவில்லை. பத்து வருஷம் கழித்து அதே படத்துக்காக ஒரு போலி போஸ்டருக்கு ஒன்பதாயிரம் கொடுத்தேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். எடைக்குப் போடும் முன்னால் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அட்டை மட்டும் போதாது, பின் அட்டையும் வேண்டும். அச்சகத்தின் பெயர், விலை, விநியோகஸ்தர் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்னைக் கத்தியால் நெம்பாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், நாலைந்து வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாமல், சாதாரணத் தாளுக்கு நடுவே வைத்து, ஈரம் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். விற்பதாக இருந்தாலும் தப்பில்லை, படம் எடுத்துவிட்டு விற்றுவிடுங்கள்.

அந்தப் போலி போஸ்டரைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பும் செலவு அதன் விலையில் பாதி. சட்டம் போட்டு என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் "என்ன சார், டார்ஜான் படமா?" என்று கேட்கிறார்கள். "இல்லைங்க, சேலத்துப் படம்" என்று ஆரம்பிக்கிறேன்.